தாளந் தெரிதல்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நான்காகப் பகுத்து வழங்குவது நம் மரபு. மிடற்றையும் ஒரு கருவியாக எண்ணி ஐந்து என்பாரும் உளர். இவற்றுள் நரம்புக்கருவிக்கென்றே ஒரு பெருநூல் எழுந்தது. விபுலாநந்த அடிகளார் பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார். குழலின் இனிமையைப் பாடாத புலவர் இலர். முழவின் முழக்கம் இல்லாத விழா இல்லை. கஞ்சக்கருவியாகிய தாளமோ மேடையின் ஓரத்தில் இருந்து தன் கடனைச் செய்துவிட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் துணிப்பைக்குள் அடங்கிவிடுகின்றது. அதனைப் பற்றி எழுதுவார் அரியர்; அதனை ஆராய்ந்து வாங்குவார் அவரினும் அரியர்.

பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் நாம் காண்பது என்ன? மிருதங்கம் வாங்குவதாயின் வித்துவான் ஒருவரை உடன் அழைத்துச் செல்வோம். அவர் வலந்தலையைத் தட்டி, தொப்பியைத் தட்டி, கட்டையின் கனம் பார்த்து, சுருதி நிற்குமா என நோக்கிய பின்னரே பணம் கைமாறும். தாளம் வாங்குவதாயின், பொருட்பட்டியலின் அடியில் ‘தாளம் ஒரு சோடி’ என ஒரு வரி எழுதப்படும். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதே தாளம். மேலைத்தேய வாத்தியக் குழுவுக்கு ட்ரம் செற் வாங்கும்பொழுதும் இதே நிலைதான். முழவுகளின் நிறம் பற்றியும் எண்ணிக்கை பற்றியும் நீண்ட ஆலோசனை நடைபெறும். அவற்றோடு நிற்கும் சிம்பல் தட்டுகளோ பெட்டிக்குள் எவை இருந்தனவோ அவையே.

இம்முறை தலைகீழானது. தோற்கருவியின் குறையை வாங்கிய பின்னும் திருத்தலாம். மிருதங்கத்தின் வாரை இறுக்கலாம். பழுதடைந்த மூட்டைப் புதுப்பிக்கலாம். ட்ரம் செற்றின் தோலை மாற்றலாம். திருகாணியை முறுக்கி ஒலியை ஏற்றலாம், இறக்கலாம். வீணையின் தந்தி தளர்ந்தால் பிரடையைத் திருகலாம். வெண்கலத் தட்டுக்கு வாரும் இல்லை, ஆணியும் இல்லை, பிரடையும் இல்லை. உலையிலும் சம்மட்டியின் கீழும் அது பெற்ற குரல் எதுவோ, அதுவே அதன் ஆயுட்காலக் குரல். ஆகவே ஏனைய கருவிகளுக்குச் சுருதி கூட்டுதல் உண்டு. தாளத்துக்குத் தெரிதல் ஒன்றே உண்டு. தெரிந்தெடுக்கும் அந்த ஒரு நாழிகையில் நாம் விடும் பிழையைப் பின்னர் எந்தக் கம்மாளராலும் திருத்த இயலாது. நம் கைத்தாளத்தையும் மேலைத்தேயச் சிம்பலையும் ஒருங்கு வைத்து, அவற்றைத் தெரியும் முறையை ஈண்டு நோக்குவாம்.

பெயரும் பெருமையும்

தாளம் என்னும் சொல் காலவளவுக்கும் பெயர். அக்காலவளவைக் காட்டும் கருவிக்கும் பெயர். ஆதி தாளம் என்கின்றோம், கைத்தாளம் என்கின்றோம். முழவு எத்துணைச் சிறந்ததாயினும் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கும் பேறு அதற்கு வாய்க்கவில்லை. பழந்தமிழில் இக்கருவிக்குப் பாண்டில் என்றும் பெயருண்டு. வட்டமானது என்னும் கருத்தும் அச்சொல்லிலே அடங்கியிருக்கின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளை அடுக்கிச் சொல்லும் தொடக்கத்திலேயே பாண்டிலையும் வைத்துள்ளது. நச்சினார்க்கினியர் அதற்குக் கஞ்சதாளம் எனப் பொருள் கூறினார். நன்கு உருக்கித் தகடாகத் தட்டிய, ஒளியுடைய பாண்டில் என்பது அவ்விடத்துப் பெறப்படும் கருத்து. புலவர் அக்கருவிக்கு அடைமொழியாக அதன் உலோகத் தொழிலையே கொடுத்தார் என்பது கருதத்தக்கது. தாளத்தின் குணம் உலையிலே தொடங்குகின்றது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இத்துணைப் பழமையுடைய கருவிக்குப் பேச்சு வழக்கு செய்த நன்றி விந்தையானது. பிறர் சொல்வதற்கெல்லாம் ஆமென்று தலையாட்டுபவனைச் ‘சால்ரா’ என்கின்றோம். உணவுக்கு அலைபவனைச் ‘சிங்கியடிக்கின்றான்’ என்கின்றோம். சால்ராவும் சிங்கியும் தாளத்தின் பெயர்களே. உண்மையில் தாளக்காரர் எவருக்கும் தலையாட்டுபவர் அல்லர். நாகசுரக்காரர் கற்பனையில் எவ்வளவு தொலைவு சென்றாலும், தவிற்காரர் எத்தனை கோவைகளை அடுக்கினாலும், தம் இடத்தை விட்டு அசையாது நின்று, அவர்கள் திரும்பி வந்து சேரவேண்டிய இடத்தைக் காட்டிக் கொண்டிருப்பவர் அவரே. பரத அரங்கில் நட்டுவனார் கையிலே தாளம் இருப்பது அவர் அவ்வரங்கின் தலைவர் என்பதற்கு அடையாளம். அத்தகைய பொறுப்புடைய கருவியைப் பட்டியலின் கடைசி வரியில் வைத்தல் தகுமா?

திருக்கோலக்காவின் வரலாறு இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. சீகாழிக்கு அயலதாகிய அத்தலத்திலே, கைகளைத் தட்டித் தாளமிட்டுப் பாடிய குழந்தையாகிய திருஞானசம்பந்தருக்கு இறைவன் பொற்றாளம் அருளினான் எனச் சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுகின்றார். சுந்தரரும் தம் திருக்கோலக்காப் பதிகத்திலே இச்செய்தியைக் குறித்துள்ளார். அத்தலத்து அம்பிகைக்கு ஓசைகொடுத்த நாயகி என்பது திருநாமம். பொன்னாற் செய்த தாளத்துக்கு ஓசையைக் கொடுத்தவள் அம்மையே என்பது தலவரலாறு. பத்தி நூல் உலோக நூல் கற்பிக்க வந்ததன்று. எனினும், பொன் ஒலிக்காது என்னும் உண்மை அத்திருநாமத்தினுள்ளே பொதிந்திருக்கின்றது. பொன் மென்மையான உலோகம்; தட்டினால் மழுங்கிய ஒலியே எழும். விலையில் உயர்ந்தது ஒலியிலும் உயர்ந்ததாகும் என்பதில்லை. பளபளப்பும் அவ்வாறே. தாளம் வாங்கச் செல்வோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது இதுவே.

தெரியும் முறையை எந்த ஒழுங்கில் வைத்து ஆராய்வது? திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் 48, 49, 50 ஆக நிறுத்தி, அவற்றின் பின்னரே தெரிந்து தெளிதலை 51ஆவது அதிகாரமாக வைத்தார். அரசன் வினைசெய்வானைத் தெரிவதற்கு அமைந்த அவ்வொழுங்கு, தாளம் தெரிவதற்கும் நன்கு பொருந்துகின்றது.

வலி

தாளத்தின் வலி அதன் உலோகமும் கனமும். கடைகளில் இரு உலோகங்கள் ஒன்றுபோலக் கிடக்கும். செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம், இதுவே கஞ்சம். செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. புதிதாய் மெருகிட்ட நிலையில் இரண்டும் மஞ்சளாகவே மின்னும், கண் ஏமாறும். செவி ஏமாறாது. பித்தளையின் ஒலி சிறிது நேரம் பளிச்சென்று எழுந்து விரைவில் அவிந்துவிடும். நல்ல வெண்கலத்தின் ஒலி உள்ளே பல ஒலிகளைக் கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்து, மெல்ல அடங்கும். தாளத்துக்கும் மணிக்கும் உரிய வெண்கலத்தில் 100 பங்குக்கு ஏறக்குறைய 20 பங்கு, சில இடங்களில் அதற்குச் சற்று மேலும், வெள்ளீயம் இருக்கும்.

வெள்ளீயம் மிகுந்த இக்கலவையில் ஒரு சிக்கல் உண்டு. வார்த்து மெல்ல ஆறவிட்டால் அது கண்ணாடி போல் உடையும். செந்தழல் நிறம் வரக் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே தட்டி உருவாக்கி, நீரிலே தோய்த்தால் உறுதி பெறும். இரும்பின் ஒழுக்கம் இதற்கு நேர்மாறானது. உருக்கைக் காய்ச்சி நீரில் தோய்த்தால் வன்மையோடு நொறுங்கும் தன்மையும் ஏறும். வெண்கலத்தின் இந்த மறைபொருளைத் தென்னாட்டுக் கன்னார் மிகப் பழங்காலத்திலேயே கண்டிருந்தனர். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியின் பழங்கல்லறைகளிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கலங்களை அண்மைக்கால உலோக ஆய்வாளர் சோதித்தபொழுது, அவை வெள்ளீயம் மிகுந்தனவாய், சூட்டிலே தட்டித் தோய்க்கப்பட்டனவாய் இருக்கக் கண்டனர்.

மேலைத்தேயச் சிம்பலின் வரலாறும் இக்கலவையின் வரலாறே. கொன்ஸ்தாந்திநோபிள் நகரிலே, அவெடிஸ் என்னும் ஆர்மேனிய உலோகத் தொழிலாளர் 1618இல் உடையாமல் ஒலிக்கும் வெண்கலக் கலவையைக் கண்டார் என்பதும், சுல்தானின் படை வாத்தியக் குழுவுக்குத் தட்டுகள் செய்து கொடுத்தார் என்பதும், 1623இல் தனிப்பட்டறை அமைத்தார் என்பதும் அக்குடும்பத்தார் வழங்கும் வரலாறு. அவருக்குக் கிடைத்த சில்ட்ஜியன் என்னும் பெயருக்குத் தாளம் செய்வோன் குடி என்பதே பொருள். தலைமுறை தலைமுறையாகக் கலவை இரகசியத்தைக் காத்த அக்குடும்பம் 1929இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே பட்டறை அமைத்தது. அக்குடும்பத்துச் சகோதரர் இருவர் பிரிந்தபொழுது, ஒருவர் 1981இல் கனடாவிலே சேபியன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றும் உயர்ந்த சிம்பல்கள் பெரும்பாலும் 80க்கு 20 என்னும் அக்கலவையினாலேயே செய்யப்படுகின்றன. சீகாழித் தாளமும் சில்ட்ஜியன் தட்டும் ஒரே குலத்தன என்பதை இசை மாணவர் அறிதல் நன்று.

இவ்வுயர்ந்த வகைத் தட்டுகள் ஒவ்வொன்றாக வார்த்து, உருட்டி, சம்மட்டியால் தட்டி, கடைசல் பிடிக்கப்படுவன. ஆகையால் ஒரே பெயரும் ஒரே அளவும் பொறித்த இரு தட்டுகள்கூட ஒரே குரலில் ஒலிப்பதில்லை. பெயரைக் கேட்டு வாங்குவது போதாது. அந்தத் தட்டையே கேட்டு வாங்க வேண்டும். மற்றொரு வகை, வெள்ளீயம் 8 பங்கே சேர்ந்த வெண்கலத் தகட்டிலிருந்து வெட்டப்படுவது. அவை தம்முள் பெரிதும் ஒத்திருக்கும். விலையும் பெரும்பாலும் குறைவு. ஆயினும் 8 பங்கு என்றவுடன் தாழ்ந்தது எனத் தள்ளிவிடலாகாது. சுவிற்சர்லாந்தின் பைஸ்டி நிறுவனம் 1971இல் வெளியிட்ட ‘2002’ என்னும் வரிசை அவ்வகை வெண்கலமே. உரத்த இசை வாசிப்போர் அதனைப் பெரிதும் போற்றுகின்றனர். பித்தளைத் தட்டோ பழகுவோர் கைக்கு மட்டுமே உரியது.

கனத்தைப் பற்றி ஒரு விதி நினைவில் நிற்கட்டும். ஒரே அகலமுள்ள இரு தட்டுகளில் தடித்தது மேலான சுருதியில் ஒலிக்கும். மெல்லியது கீழான சுருதியில் ஒலிக்கும். ஒரே தடிப்புடையனவற்றில் அகன்றது கீழே ஒலிக்கும். தடித்தது ஒலிக்கத் தொடங்கப் பலமான அடி வேண்டும். ஒலித்தால் நெடுநேரம் நிற்கும். மெல்லியது தொட்டவுடன் மலரும்; விரைவில் வாடும். 20 அங்குலக் குறுக்களவுள்ள சிம்பல்களுள் 1,700 கிராம் எடையுள்ளதும் உண்டு. 2,800 கிராம் எடையுள்ளதும் உண்டு. அகலம் ஒன்றென்று கருதி ஒன்றுக்கு ஒன்றை மாற்றி வாங்கினால், வேறொரு கருவியையே வாங்கியவராவோம்.

காலம்

ஒலி எவ்வளவு விரைவில் எழுகின்றது, எவ்வளவு நேரம் நிற்கின்றது என்பது இரண்டாவது ஆராய்ச்சி. கடையிலே ஒரு முறை தட்டி, நீண்ட நேரம் ஒலித்தால் ‘நல்ல வெண்கலம்’ என்று மகிழ்ந்து வாங்கிவிடுவோர் பலர். நீண்டு ஒலிப்பது உலோகத்தின் தூய்மைக்குச் சான்றாகலாம். அதுவே பயனுக்குச் சான்றாகாது. விளம்ப காலத்தில் ஓதும் தேவாரப் பண்ணுக்கு நீண்ட ஒலி அணி. துரித காலத்தில் அதே ஒலி அடுத்த அடியின் மேல் ஏறி அதனை மறைத்துவிடும். காலங் காட்ட வந்த கருவி காலத்தைக் குழப்பும். ஆகவே வாங்கப்போகின்றவர் தம் குழுவினர் பாடும் மிக விரைந்த நடையிலே தட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அடியும் தனித்தனியே செவிக்குத் தெரிந்தால் அது தக்கது.

சோடியின் பொருத்தத்தையும் இவ்விடத்தே நோக்குக. இரு தாளங்களையும் கயிற்றிலே தனித்தனி தொங்கவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால், இரண்டின் சுருதியும் மிகச் சிறிதே வேறுபட வேண்டும். அச்சிறு வேற்றுமையினால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்பொழுது ஒலி அலைபோல் ஏறி இறங்கித் துடிக்கும். தாளத்தின் உயிர் அத்துடிப்பே. வேற்றுமை பெரிதாயின் இரண்டும் சண்டையிடும். கடைகளில் ஒரு சோடியின் ஒன்று மற்றொரு சோடியோடு மாறிக் கிடப்பது புதுமையன்று.

சுருதியைப் பற்றியும் ஒரு சொல். சிறிய, தடித்த குழித்தாளம் ஏறக்குறைய ஒரு சுரத்தைத் தெளிவாகக் காட்டும். அது பாடகரின் ஆதார சுருதிக்கு ஒத்ததாக, அல்லது பகையில்லாததாக இருத்தல் வேண்டும். அகன்ற மெல்லிய தட்டு அவ்வாறன்று. செருமானிய அறிஞர் கிளாட்னி என்பார் 1787இல், தகட்டின் மேல் மணலைத் தூவி வில்லால் உராய்ந்து, தகடு ஒரே வேளையில் பல பகுதிகளாய்ப் பிரிந்து அதிர்வதைக் கண்ணுக்குக் காட்டினார். அவ்வதிர்வுகள் தந்தியின் அதிர்வுகளைப்போல் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எண்ணொழுங்கில் அமைவனவல்ல. ஆதலால் பெரிய சிம்பலில் ஒரு சுரம் தனித்துத் தோன்றாது. எந்த இராகத்தோடும் அது ஒட்டி நிற்கும். கைத்தாளத்துக்குச் சுருதிப்பெட்டியை எடுத்துச் செல்க. சிம்பலுக்கு அது வேண்டா.

இடன்

கடையில் இனித்தது மண்டபத்தில் கசக்கலாம். கருங்கல் மண்டபத்தில் சுவரும் தூணும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பும்; அங்கே நெடிது ஒலிக்கும் தாளம் மந்திரத்தையும் பண்ணையும் மூழ்கடிக்கும். வீதியுலாவில் ஒலியைத் தாங்கச் சுவரில்லை; அங்கே கனத்த தாளம் வேண்டும். பாடசாலை மண்டபங்கள் பலவற்றுக்குத் தகரக் கூரை. பெரிய சிம்பல் ஒன்றை அங்கே ஓங்கி அடித்தால், வெண்கலக் கடையில் யானை புகுந்த கதையாகும். அங்கே மெல்லிய, சிறிய தட்டுகளே அமையும்.

தட்டுபவன் செவிக்குக் கேட்பது ஒன்று. அவைக்குக் கேட்பது வேறொன்று. அருகில் இரைச்சலாய்த் தோன்றுவது தொலைவில் இனிமையாகலாம். அருகில் இனிமையானது பத்து முழத்துக்கு அப்பால் இல்லாமலே போகலாம். ஆகவே இருவர் செல்க. ஒருவர் தட்ட, மற்றவர் கடையின் வாயிலில் நின்று கேட்க. பின்னர் இடம் மாறுக.

துணை

மூன்றையும் அறிந்தபின் தெளிதல். தெளிவது எதனைக் கொண்டு? எந்த முழவோடு அது வாழப்போகின்றதோ அந்த முழவைக் கொண்டு. முழவின் ஒலியிலே எவ்விடம் வெறிதாய் உள்ளதோ அவ்விடத்தை நிரப்புவதே தாளத்தின் கடன். மிருதங்கத்தின் வலந்தலை நுண்மையானது. அதனோடு பெருந்தாளம் சேர்ந்தால் விரலின் நுட்பமெல்லாம் வீணாகும். தவிலின் முழக்கத்தினுள்ளே சிறு தாளம் கரைந்துவிடும்; பெரிய மேளத்துக்குக் கனத்த தாளம் வேண்டும். மட்டக்களப்புக் கூத்துக் களரியிலே மத்தளமும் சல்லரியும் இரண்டே இரண்டு கருவிகள். மத்தளத்தின் ஆழ்ந்த குரலுக்கு மேலே சல்லரியின் கூரிய குரல் ஒலித்தாலன்றி ஆடுவோர் கால்கள் ஒன்றுபடா. நட்டுவாங்கத்தில் ஒரு தாளம் உருக்காகவும் மற்றது வெண்கலமாகவும் அமைவதும் காரணமின்றியன்று. சதங்கையின் ஓசையைக் கிழித்துக்கொண்டு சொற்கட்டு தெளிவாய் விழ அவ்வன்மை வேண்டும். சிங்கள மக்களின் பறைகளோடு ஒலிக்கும் தாளம்பட்டவும் இவ்வினத்ததே.

நம் மேளத்துக்கும் ட்ரம் செற்றுக்கும் உள்ள வேற்றுமை இவ்விடத்தே விளங்கும். நம் மேளத்தில் முழவுக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர். மேலைத்தேயத்திலும் முன்னர் அவ்வாறே பெரும்பறைக்கு ஒருவர், சிறுபறைக்கு ஒருவர், சிம்பலுக்கு ஒருவர் என நின்றனர். அமெரிக்காவில் யாஸ் இசை வளர்ந்த காலத்தில் இவையனைத்தும் ஒருவர் கைக்கும் காலுக்கும் வந்தன. 1909இல் சிக்காகோவின் லட்விக் சகோதரர்கள் விரைந்து இயங்கும் பெரும்பறை மிதியை வெளியிட்டது அதற்குப் பெருந்துணையாயிற்று. 1920களில் காலால் மூடித் திறக்கும் சோடித் தட்டு நிலத்தருகே தோன்றி, பின்னர் கையெட்டும் உயரத்துக்கு ஏறியது, அதுவே ஹைஹற். 1930களில் கவுண்ட் பேசியின் குழுவில் வாசித்த ஜோ ஜோன்ஸ், காலங்காட்டும் வேலையைப் பறையிலிருந்து ஹைஹற்றுக்கு மாற்றிப் புகழ்பெற்றார். 1940ஐ அடுத்து கென்னி கிளார்க் அவ்வேலையை றைட் எனப்படும் பெருந்தட்டுக்கு மாற்றினார். முழவிலே தொடங்கிய மேலைத்தேயத்தார், காலங்காட்ட உரியது வெண்கலமே என்னும் நம் மரபின் முடிவுக்குத் தம் வழியால் வந்து சேர்ந்தனர் எனலாம்.

ட்ரம் செற்றின் தட்டுகளுக்குத் தொழில் மூன்று. ஹைஹற் மூடியும் திறந்தும் சீர்களை எண்ணுவது. இது நம் கைத்தாளத்தின் நேர் உறவு. றைட் கோலின் நுனியால் இடையறாது தட்டப்படுவது. கிறாஷ் ஓரத்தில் ஒரே அடியாய் அடித்து வாக்கியம் முடிந்ததைக் காட்டும் முற்றுப்புள்ளி. பணம் குறைவாயின் இவ்வொழுங்கிலேயே வாங்குக. முற்றுப்புள்ளியை வாங்கிவிட்டு எழுத்தை வாங்காமல் விடுவோர் உளர். பளீரென ஒலிக்கும் கிறாஷ் கடையிலே இளைஞர் மனத்தைக் கவர்வதே காரணம்.

ஹைஹற் பெரும்பாலும் 14 அங்குலம். மேற்றட்டு மெல்லியதாயும் கீழ்த்தட்டு சற்றே கனத்ததாயும் அமைவது வழக்கம். காலால் மட்டும் மூடிப் பாருங்கள். ‘சிக்’ என்னும் ஓசை திட்டமாய் விழ வேண்டும். இரு தட்டுகளும் முழுவிளிம்பும் ஒட்டிக்கொண்டால் காற்று அகப்பட்டு ஓசை மடியும். அதனைத் தவிர்க்கவே சிலர் கீழ்த்தட்டில் துளையிடுவர், சிலர் விளிம்பை நெளித்துவிடுவர். நம் கைத்தாளத்தைச் சற்றே சாய்த்து விளிம்போடு விளிம்பு உரசத் தட்டச் சொல்வதும் இக்காரணம் பற்றியே. றைட் பெரும்பாலும் 20 முதல் 22 அங்குலம். அதனைத் தெரியும்பொழுது விரைந்து பல அடிகளைத் தொடர்ந்து தட்டுக. அடியில் எழும் இரைச்சல் பெருகிக் கோலின் ஒலியை விழுங்கினால் அது ஆகாது. நடுக்குமிழைத் தட்டினால் மணிபோல் தெளிவான குரல் வர வேண்டும். கிறாஷ் 16 முதல் 18 அங்குலம். உடனே எழுந்து உடனே விலகுவது நல்லது. மூன்றையும் தனித்தனியே தெரிந்தபின் ஒருசேர ஒலித்துப் பார்க்க. உடன்பிறந்தார் போல் ஒத்தும் வேறுபட்டும் இருத்தல் வேண்டும். இரண்டின் குரல் முற்றிலும் ஒன்றாயின் ஒன்று வீண்.

ஒரு பெட்டியில் நான்கு பித்தளைத் தட்டுகள் வாங்கும் பணத்துக்கு, முன்னொருவர் வாசித்த நல்ல வெண்கலத் தட்டு ஒன்று கிடைக்கலாம். பழையதென்று தயங்க வேண்டா. பழமை வெண்கலத்துக்குக் குறையன்று. ஆயின் விளிம்பை நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பாயினும் அது வளரும். ஒலியில் கரகரப்புத் தோன்றும். நடுத்துளை வட்டமாக இருக்க வேண்டும். திறப்புத் துவாரம்போல் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், அது பேணாது துன்புறுத்தப்பட்ட தட்டு.

வாங்கியபின் காக்கும் முறை சிறிதே. வெண்கலம் அசைந்தாடினால்தான் ஒலிக்கும், ஒலித்தால்தான் நிலைக்கும். நிறுத்தியில் கம்பளித்துண்டுகளுக்கிடையே இளகலாகப் பூட்டுக; கைத்தாளத்தைப் பருத்திக் கயிற்றால் பிடிக்குக, தட்டை விரலால் அழுத்தாதிருக்க. புளியும் சாம்பலும் இட்டு நாள்தோறும் தேய்த்துப் பொன்போல் ஆக்க வேண்டியதில்லை. உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்தாற் போதும். அடைத்த அறையில் மாணவர் சிம்பல் பழகும்பொழுது காதடைப்பான் அணியச் செய்தல் ஆசிரியர் கடமை. தாளம் தெரிவதற்கு வேண்டிய செவியைத் தாளத்துக்கே பலிகொடுத்தல் ஆகாது.

நம் பாடசாலைகளும் ஆலயங்களும் தேவாலயங்களும் இனித் தாளம் வாங்கும்பொழுது ஒன்று செய்யலாம். பொறுப்பாளர் தனியே செல்லாது, பாடும் பிள்ளைகள் இருவரையும் முழவு வாசிக்கும் பிள்ளையையும் அழைத்துச் செல்லட்டும். கடைக்காரர் ஐந்தாறு சோடிகளை ஒவ்வொன்றாய் ஒலிக்க, பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். எது மின்னுகின்றது, எது விலை கூடியது, எதன் மேல் எப்பெயர் பொறித்திருக்கின்றது என்பவை அப்பொழுது மறையும். குரல் ஒன்றே எஞ்சும். முதல் நாள் பிள்ளைகள் பிழையாகத் தெரியலாம். ஆயினும் கேட்டுத் தெரியவேண்டியது ஒன்று உலகில் உண்டு என்பதை அன்று அவர்கள் அறிந்திருப்பர். இலயம் என்னும் உணர்ச்சியை ஏட்டில் எழுதிக் கற்பிக்க இயலாது. நல்ல தாளத்தின் அருகே இருந்து வளர்ந்த செவிக்கு அது தானே வரும். அந்தச் செவியைப் பிள்ளைக்குக் கொடுப்பதும் கெடுப்பதும் பட்டியலின் அந்தக் கடைசி வரியை நாம் எவ்வாறு எழுதுகின்றோம் என்பதிலேயே உள்ளன.